ஏர்கோன் கடையில் ஓடிய கணினி வீட்டில் ஏன் நிற்கிறது? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

கடையில் "டெஸ்ட் பண்ணியாச்சு" என்று சொல்லிக் கொடுக்கும் கணினி, ஏர்கோன் அறையில், ஒழுங்கான எர்த் உள்ள சாக்கெட்டில், பெரும்பாலும் பத்து நிமிடம் ஓடிய கணினி. அதையே மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா மாதிரியான தோட்டப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து, தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு, அதே எக்ஸ்டென்ஷனில் அயர்ன் பாக்ஸும் ஓடும்போது போட்டுப் பாருங்கள். அதன் குணமே வேறாக இருக்கும். எனவே சோதனை உங்கள் வீட்டில், உங்கள் வெயிலில் நடக்க வேண்டும். அதுவும் வாங்கிய முதல் வாரத்திலேயே. முதல் சில நாளுக்குள் கெட்ட பாகத்தைப் பல கடைகள் கையோடு மாற்றித் தரும். அந்த நாள் தாண்டினால் அதே பாகம் உத்தரவாதத்துக்குப் போய் வாரக்கணக்கில் எங்கேயோ உட்கார்ந்துவிடும். எத்தனை நாள் என்பது ரசீதில் இருக்கும். பெட்டியைப் பிரிக்கும்முன் அதைப் படியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 2-ஆம் எண் பிலிப்ஸ் திருப்புளி, மலிவான மல்டிமீட்டர் ஒன்று, ஹார்ட்வேர் கடையில் விற்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர், 8 ஜிபிக்குக் குறையாத இரண்டு பென்டிரைவ். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் ராமைச் (நினைவகத்தை) சோதிக்கும் மெம்டெஸ்ட்86. டார்ச்சுக்குக் கைப்பேசி போதும்.

எந்த அறிகுறிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். ராமையும் கழற்றி மாட்டி, கேபிளையும் மாற்றி, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் அழித்துவிட்டு "ஓடுது" என்றால், எது கோளாறு என்பது கடைசிவரை தெரியாது. உள்ளே கை வைக்கும்போதெல்லாம் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்டு இறங்கிவிடும்.

"கேஸைத் தொட்டால் சுரீர்னு இழுக்குது"

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் கணினியின் கோளாறு அல்ல, வீட்டின் கோளாறு. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று லைவிலிருந்து எர்த்துக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. எர்த் வயர் எங்கும் போகாமல் தொங்கினால், 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேஸின் இரும்பில் வந்து நிற்கும். கரண்டு மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு முடிகிறது. ஆனால் உள்ளே நிஜமாக ஒரு லைவ் வயர் கேஸைத் தொட்டுவிட்டால், அதைத் தாங்கிக்கொண்டு போக எர்த் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பாருங்கள். "எர்த் இல்லை" என்று காட்டினால் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு நேரே சுவர்ச் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். சுவரில் சரி, எக்ஸ்டென்ஷனில் இல்லை என்றால் எக்ஸ்டென்ஷனைக் குப்பையில் போடுங்கள். சிரிம் தரமுத்திரை இல்லாத பாசார் மாலாம் (இரவுச் சந்தை) சரக்கில் மூன்றாவது வயரே இல்லாததும் உண்டு. சுவரிலேயே இல்லை என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய லயத்து வீடுகளிலும், பின்னால் சமையற்கட்டை நீட்டிக் கட்டிய வீடுகளிலும் இது சாதாரணம். மெயின் பெட்டியில் உள்ள, கரண்டு கசிந்தால் துண்டிக்கும் இ.எல்.சி.பி-யின் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும், விழாவிட்டால் அதுவும் வயர்மேன் வேலை. எர்த் இல்லாத சாக்கெட்டில் 'சர்ஜ் புரொடெக்டர்' மாட்டினாலும் பெரும் பயன் இல்லை. மின்னலின் வேகத்தை அது தள்ளிவிட வேண்டிய இடமே எர்த்தான்.

"பட்டனை அமுக்கினா சத்தமே இல்லை"

சிரிக்காமல் முதலில் பவர் சப்ளைக்குப் பின்னாலுள்ள சுவிட்சைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. அடுத்து பிளக்குக்குள் இருக்கும் பியூஸ். மூன்றாவது, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள். "கிளிக்" என்று பூட்டும்வரை அது உள்ளே போகவில்லை. பார்த்தால் போனதுபோலவே இருக்கும், ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.

பழைய பவர் சப்ளையை வாங்கி மாட்டியிருந்தால் பின்னால் 115/230 என்று சிவப்பு நழுவுச் சுவிட்ச் இருக்கிறதா என்று, கரண்டு கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். அது 115-இல் நின்றால் இந்த நாட்டுக் கரண்டில் ஒரே வெடியில் போய்விடும்.

இவை சரி என்றால் கேஸின் பவர் பட்டன் வயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கணினி எழுந்தால் பட்டனோ வயரோ தவறான பின்னில் இருந்திருக்கிறது. பட்டன் வயரை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். விளக்கின் வயருக்குத்தான் பக்கம் முக்கியம்.

அப்போதும் எழவில்லையா? பவர் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள். எல்லாப் பாகத்திலிருந்தும் அதன் கேபிள்களைக் கழற்றி, சுவிட்சை அணைத்த நிலையில், 24 பின் தலையில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றாவிட்டால் உடனே "செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். சுமை இல்லாதபோது விசிறியை நிறுத்தி வைக்கும் சப்ளைகளும் உண்டு. மல்டிமீட்டர்தான் சாட்சி: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. கிளிப் போடாமலேயே, சுவிட்ச் மட்டும் போட்ட நிலையில், ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். அதுவே இல்லையென்றால் பவர் சப்ளை போனதுதான். வயரெல்லாம் கறுப்பாக இருக்கும் சப்ளையில் கிளிப் விளையாட்டு வேண்டாம். பவர் சப்ளை டெஸ்டர் என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

"ஒரு நொடி சுத்தி நிக்குது, திரும்ப சுத்துது"

உள்ளே எங்கோ ஷார்ட், அல்லது பிராசஸருக்குக் கரண்டு போகவில்லை. மதர்போர்டின் மேல் இடது மூலையில் 8 பின் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதே 8 பின் உருவத்தில் கிராபிக்ஸ் கார்டு கேபிளும் இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. அடுத்து, போர்டைக் கழற்றி அடியில் உள்ள பித்தளைத் தாங்கிகளை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி கூடுதலாக நின்றால் அது போர்டின் முதுகைக் குத்தி ஷார்ட் ஆக்கும். உருண்டு போன திருகாணி ஒன்று அடியில் கிடப்பதும் வழக்கம்தான்.

சந்தேகம் தீராவிட்டால் போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை ஆகியவற்றோடு மட்டும் ஓட்டுங்கள். பெட்டி மேல் ஓடி, கேஸுக்குள் ஓடாவிட்டால் குற்றவாளி கேஸ்.

"விசிறி எல்லாம் சுத்துது, திரை மட்டும் இருட்டு"

மிகுந்த பயத்தைக் கிளப்புவது இதுதான். செலவில்லாமல் தீர்வதும் பெரும்பாலும் இதுதான். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா? தனிக் கார்டு இருந்தால் கார்டில்தான் இருக்க வேண்டும். தனிக் கார்டு இல்லையென்றால் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். ஐ5-12400எஃப் போல 'எஃப்' முடிவு உள்ள இன்டெல்லில் படம் காட்டும் பகுதியே இயங்காது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-உம் அப்படித்தான், அந்த வரிசையில் 'ஜி' முடிவு உள்ளவைதான் காட்டும். கார்டு வாங்கக் காசு போதாமல் "பிறகு பார்த்துக்கலாம்" என்று எஃப் வாங்கியவர்கள், திரைக்கு முன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் எதுவும் வராது.

டிடிஆர்5 ராம் என்றால் பொறுமை வேண்டும். முதல் தடவை கரண்டு கொடுக்கும்போது போர்டு ராமோடு பழகிப் பார்க்கும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், திரை இருட்டாகவே இருக்கும். 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் பட்டனை அமுக்கி அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படியே மூன்று முறை செய்துவிட்டு "போர்டு டெட்" என்று கடைக்குத் தூக்கிப் போவது வீண் பஸ் செலவு.

அதற்குமேலும் இருட்டு என்றால் போர்டின் ஓரத்தில் சிறு விளக்குகளைத் தேடுங்கள். பல போர்டுகளில் பிராசஸர், ராம், படம், பூட் என்று நான்கு இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தகராறு.

ராம் விளக்கு நின்றால்: இரண்டு ராம் குச்சியையும் கழற்றி, ஒன்றை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் செருகுங்கள். நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு குச்சிக்கு உரிய இடம் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான், முதலும் இரண்டும் அல்ல. போர்டு கையேட்டில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். செருகும்போது கட்டை விரலுக்கு வலிக்கும் அளவுக்கு அழுத்தம் தேவை. கொக்கி தானாக மூட வேண்டும், நீங்கள் மூடக் கூடாது. குச்சியின் தங்கப் பற்களை உங்கள் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் தங்கக் கோடு மறைந்துவிடும், ஒரு பக்கம் மட்டும் மயிரிழை மின்னினால் அந்தப் பக்கம் ஏறவில்லை.

பிராசஸர் விளக்கு நின்றால் பெரும்பாலும் இரண்டே காரணம். பயாஸ் பழையதாக இருந்து புதுப் பிராசஸரை அடையாளம் தெரியாமல் போவது ஒன்று. பழைய இருப்பில் கிடந்த பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையைப் போட்டால் இது நடக்கும். போர்டின் பின்னால் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் ஃபேட்32 வடிவில் அமைத்த பென்டிரைவிலிருந்து பிராசஸர் இல்லாமலேயே புதுப் பயாஸை ஏற்றிவிடலாம். பட்டன் இல்லாத போர்டென்றால் கடைதான் ஏற்றித்தர வேண்டும். மற்றது சாக்கெட்டில் வளைந்த பின். இன்டெல் சாக்கெட்டை டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்னும், வளைந்தது மட்டும் வேறு திசையில் மின்னும்.

பூட் விளக்கு மட்டும் நின்றால் பயம் வேண்டாம். விண்டோஸ் இன்னும் ஏற்றவில்லை என்று அர்த்தம்.

"விண்டோஸ் போடப் போனா டிஸ்க்கே காட்டலை"

பயாஸில் டிஸ்க் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால்: எம்.2 எனும் குச்சி உருவ டிஸ்க்கில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை இருக்கின்றன, உங்கள் துளை இரண்டையும் ஏற்காமலிருக்கலாம். பயாஸில் தெரிந்து, விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் தெரியாவிட்டால், இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த கணினிகளில் பயாஸில் விஎம்டி என்ற அமைப்பை அணையுங்கள், அல்லது அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதுக் கணினியில் 11-ஐயே போடுங்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தை பயாஸில் இயக்கி வைத்துக்கொண்டு.

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவது மோசடி அல்ல, எண்ணும் முறை வேறு. மோசடி வேறு விதம்: இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் 2 டிபி எஸ்எஸ்டி, உள்ளே 64 ஜிபி கூட இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'பவர் ஆன் அவர்ஸ்' எண்ணையும் பாருங்கள். புதியது என்று விற்ற டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருந்தால், அது யாரோ ஓட்டி இறக்கியது.

"காலையில நல்லா ஓடுது, மதியம் இழுக்குது"

தோட்டப் பட்டணத்துக்கே உரிய வியாதி. அறையின் சூடு ஒரு பாகை ஏறினால் பிராசஸரின் சூடும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். 22 பாகை ஏர்கோன் கடையில் 85-இல் ஓடியது, 34 பாகை கூடத்தில் 97-ஐத் தொடும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றின் எல்லை 100 பாகை. ரைசன் 5000-இல் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95, 7000 வரிசையில் பெரும்பாலும் 95. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுதான் அந்த இழுவை. ரைசன் 7000 முழுச்சுமையில் 95-க்குப் போவதை மட்டும் கோளாறு என்று எண்ணாதீர்கள், அதன் வடிவமைப்பே அப்படி.

சோதனை மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள், ஜன்னல் வழக்கம்போல் இருக்க, கேஸின் பக்கவாட்டுப் பலகை மூடிய நிலையில். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸருக்குச் சுமை கொடுக்கும் சினிபென்ச் ஆர்23-ஐ அதன் 30 நிமிடச் சோதனையில் ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 பாகை இந்த ஊருக்குச் சாதாரணம். சுமை கொடுத்த ஐந்தே விநாடியில் 100-க்குத் தாவினால் கூலர் பிராசஸரோடு ஒட்டவில்லை. பத்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறி எல்லையைத் தொட்டால் கேஸுக்குள் காற்று நகரவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒட்டவில்லை என்றால் கூலரைக் கழற்றுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கும் கணினிகள் எத்தனையோ. இன்டெலோடு வரும் கூலரின் நான்கு கால்களும் போர்டுக்குப் பின்னால் விரிந்து நிற்க வேண்டும். மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து எடுத்துவிட்டு, புதிதாகப் பச்சைப் பட்டாணி அளவு நடுவில் வையுங்கள். தோசைக்கு எண்ணெய் தடவுவதுபோல் தாராளம் வேண்டாம்.

காற்று என்றால் விசிறியின் முகத்தைப் பாருங்கள். குறுக்குச் சட்டம் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக அடைத்த கேஸ் அழகுதான், இந்த வெயிலுக்குப் பொருத்தமில்லை. வலைமுகப்புக் கேஸே இங்கே சரி. ஆனால் பின்னால் கார்டுத் துளைகளின் தகடுகளைத் திறந்து போடாதீர்கள். இளஞ்சூடு தேடி எறும்பும் பல்லியும் உள்ளே குடிவரும். பவர் சப்ளைக்குள் பல்லி விழுந்தால் இரண்டுமே மிஞ்சாது.

"எதுவுமே செய்யாதப்ப நீலத்திரை"

ராமில் தொடங்குங்கள். மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவிலிருந்து எழுப்பி, இரவு படுக்கும்முன் போட்டுவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். 16 ஜிபிக்கே சில மணி நேரம் பிடிக்கும். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று என்றாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள்.

பிழை வந்தால் பயாஸில் ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது சுத்தமாக ஓடினால் ராம் சாகவில்லை, பெட்டியில் எழுதிய வேகத்தை இந்தப் போர்டோடு தாங்க முடியவில்லை. அதற்குக் காசு கொடுத்திருப்பதால் அதுவும் மாற்றிக் கேட்கத் தக்க காரணமே. அணைத்தும் பிழை வந்தால் ஒவ்வொரு குச்சியாக, ஒரே துளையில் வைத்துச் சோதியுங்கள். பிழை குச்சியோடு போனால் குச்சி, துளையோடு நின்றால் போர்டு.

ராம் சுத்தம், இருந்தும் புரோகிராம்கள் விழுகின்றன, பிராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை என்றால் பயாஸ் தேதியைப் பாருங்கள். அந்தத் தலைமுறையின் வேகமான பிராசஸர்களில் மின்னழுத்தம் மிகுந்து நாளடைவில் நிலை குலையும் சிக்கலுக்கு இன்டெல் 2024-இல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வெளியிட்டது. அவை அடங்கிய பயாஸ் இல்லாமல் அந்தப் பிராசஸரை ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

"கேம் விளையாடும்போது மட்டும் பொசுக்குனு அணையுது"

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருக்கும். அது காரணம் அல்ல, "கரண்டு திடீரென்று போனது" என்ற தகவல் மட்டுமே. அதைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு 8 பின் துளை இரண்டு இருந்தால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள் போட வேண்டும். ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டினால் இரண்டு துளைக்கு உரிய 300 வாட்டும் ஒரே கம்பி வழியே போகப் பார்க்கும். பிறகு கார்டுக்குச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓட்டி, கூடவே மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். 11.4-க்குக் கீழே இறங்கினால் சப்ளை போதவில்லை.

சப்ளை நன்றாக இருந்தும் சாயங்காலம் மட்டும் அணைந்தால் வீட்டுக் கரண்டைப் பாருங்கள். 216 முதல் 253 வோல்ட்வரை இந்நாட்டில் ஏற்கப்பட்ட அளவு. ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர் ஹீட்டர் ஓடும்போது அளந்து பாருங்கள். அதற்குக் கீழே இறங்கினால் மின் நிறுவனமான டி.என்.பி.-யிடம் புகார் கொடுக்கலாம். எக்ஸ்டென்ஷனின் தளர்ந்த சாக்கெட்டும் இதே அறிகுறியைக் காட்டும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அதுதான்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு: 650 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவாகத்தான் தாங்கும். கேம் ஓடும்போது சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கணினியும் கூடவே விழுந்தால் அந்த யுபிஎஸ் உங்கள் கணினிக்குச் சின்னது. மின்னல் நேரத்தில் யுபிஎஸ்ஸை மட்டும் நம்பாமல் பிளக்கையும் இணையக் கேபிளையும் சேர்த்தே பிடுங்குங்கள். மோடத்தின் பக்கமிருந்து வரும் அடி லேன் துளை வழியாகப் போர்டைக் கொன்ற பிறகு, எந்தக் கடையும் உத்தரவாதம் தராது.

சில்லறைத் தொல்லைகள்

வைஃபை ஒரு புள்ளிதான் காட்டுகிறதா? பின்னால் திருக வேண்டிய ஆன்டெனாக்கள் பெட்டியிலேயே தூங்குகின்றன. லேன் கேபிளில் 100 எம்பிபிஎஸ்தான் வருகிறதா? எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது, கேபிளை மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பழையதாகிறதா? சிஆர்2032 பட்டன் பேட்டரி, 3 வோல்ட் இருக்க வேண்டும். நீண்ட நாள் அலமாரியில் கிடந்த போர்டில் இறங்கிப் போயிருக்கும், மாற்றுவதற்கு ஐந்தே நிமிடம்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போது

பழுது காட்டும் திரையைக் கைப்பேசியில் படமெடுங்கள்: மெம்டெஸ்ட்டின் சிவப்பு வரி, வோல்ட் அளவு, எரியும் விளக்கு. ஏர்கோன் அறையில் போட்டுக் காட்டினால் அது ஓடத்தான் செய்யும், உங்களிடம் படம் இருந்தால் பேச்சு சுருங்கும். சீரியல் எண் ஒட்டிகளைக் கிழிக்காதீர்கள். மதர்போர்டைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் பிராசஸரை எடுத்ததும் சாக்கெட்டை ஒரு படம் எடுத்துவிட்டு, போர்டு வாங்கும்போது அதன்மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போடுங்கள். அந்த மூடி இல்லாமல் வரும் போர்டைப் பல கடைகள் கையால்கூட வாங்காது, வழியில் பின் வளைந்தால் பழி உங்கள்மேல்தான் விழும்.